சர்வர் விழுந்த மறுநாள்: பழி சொல்லாத ஆய்வுக் கூட்டத்தை நடத்துவது எப்படி

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் எவரும் ஆர்.சி.ஏ. (கோளாறின் மூலகாரண ஆய்வு) என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுவார். காலையில் சேவை நின்றுபோகும். மதியத்துக்குள் மூலகாரணம் என்ன என்று வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும். இரவு எட்டு மணிக்குள் யாராவது ஒருவர் 'மனிதத் தவறு நேர்ந்துவிட்டது, இனி நேராது' என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார். அந்த இரண்டு பக்கத்தை எழுதும் வித்தையை இங்கே சொல்லப்போவதில்லை. அதே சேவை அதே காரணத்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் விழாமலிருக்க, குழு தனக்காகத் தானே நடத்திக்கொள்ள வேண்டிய ஆய்வைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தரமணியிலும் பெருங்குடியிலுமாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்ததில் நான் கண்டது இது: உண்மையான காரணம் கூட்ட அறையில் வெளிவருவதில்லை, கீழே டீக்கடையில்தான் வெளிவருகிறது. மேலே மேலாளர் முன்னால் 'எஸ் சார்' என்று தலையாட்டிய அதே பையன், அரைமணி நேரம் கழித்து டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, 'அந்த ரிப்போர்ட் ஓடிக்கிட்டு இருக்குன்னு யாருமே சொல்லலைண்ணா' என்பான். அந்த ஒற்றை வாக்கியத்தை மேலே இருக்கும் அறைக்குக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டுமோ அவ்வளவுதான் இந்த வழிகாட்டி.

கையில் ஒரு நிகழ்வு

வெறும் கொள்கையாகப் பேசினால் பிடிபடாது என்பதால், நான் பங்கேற்ற ஒரு நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக் கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றை எங்கள் குழு பராமரித்து வந்தது. ஜூன் மாதம், பள்ளி திறக்கும் வாரம். பெற்றோர் எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் கட்டும் காலம். காலை 11.04க்குக் கணக்குப் பிரிவுக்கான மாதாந்திர அறிக்கை தரவுத்தளத்தில் ஓடத் தொடங்கியது. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆன பொறியாளர் ஒருவர் 11.20க்கு ஒரு டெப்ளாய்மென்ட்டை, அதாவது செயலியின் புதிய பதிப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வேலையை, தொடங்கினார். அதில் கட்டண டேபிளில் (கட்டண விவரங்கள் இருக்கும் தரவு அட்டவணையில்) புதிதாக ஒரு நெடுவரிசையைச் சேர்க்கும் மைக்ரேஷன், அதாவது தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் படி, இருந்தது. அந்தப் படி 11.22க்கு இயங்கிய உடனே தரவுத்தளம் ஒரே சமயத்தில் ஏற்கும் 100 இணைப்புகளும் நிரம்பிவிட்டன. 11.25க்கு எச்சரிக்கை வந்தது. 11.31க்கு ஒருவர் சர்வர்களை ரீஸ்டார்ட் செய்தார். பயனில்லை, புதிதாக வந்த இணைப்புகளும் அதே இடத்தில் போய்ச் சிக்கின. 11.46க்குத் தரவுத்தளப் பொறியாளர் எது எதற்காகக் காத்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, மைக்ரேஷனை ரத்து செய்தார். 11.48க்கு எல்லாம் சீரானது. மொத்தம் 26 நிமிடம்.

உள்ளே நடந்தது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வின் தரம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள். 2018இல் வந்த அதன் 11ஆம் பதிப்பிலிருந்து, மாறாத முன்னிருப்பு மதிப்புடன் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் டேபிள் முழுவதும் திருப்பி எழுதப்படுவதில்லை. சில மில்லிநொடியில் வேலை முடிந்துவிடும். அந்தப் பொறியாளர் இதைப் படித்திருந்தார், சோதனைச் சூழலில் ஓட்டியும் பார்த்திருந்தார். அவர் அறிந்தது சரி. அவருக்குத் தெரியாதது வேறொன்று: அந்தச் சில மில்லிநொடிக்கும் டேபிள் மீது முழுப் பூட்டு தேவை, அதாவது வேறெதுவும் அதைப் படிக்கவோ எழுதவோ கூடாது. அறிக்கை அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்ததால் அதன் இலேசான பூட்டு விடுபடவில்லை; எனவே மைக்ரேஷன் காத்து நின்றது; அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு கோரிக்கையும் மைக்ரேஷனுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. குறுகலான தெருவில் ஒரு கார் நிற்கிறது, அதைத் தாண்டி ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. தெரு முழுவதும் காலியானால்தான் நுழைவேன் என்று தண்ணீர் லாரி ஒன்று வந்து நின்றதும் ஸ்கூட்டர்களும் நின்றுவிடுகின்றன. (தமிழில் எழுதும்போது பூட்டையும் பதிவையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் 'லாக்' என்றே விழுவதால், ஆவணத்தில் பூட்டு, பதிவு என்று எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஒரு குழப்பம் குறைந்தது.)

இணைப்புகள் ஏன் அவ்வளவு விரைவாக நிரம்பின என்பதற்கு ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய எளிய கணக்கு போதும்: ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவை, நொடிக்கு வருபவற்றை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். நொடிக்கு 40 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிநொடி என்றால் சராசரியாக 2 இணைப்பு போதும். அதே கோரிக்கை 5 நொடி காத்திருந்தால் 200 இணைப்பு வேண்டும். போஸ்ட்கிரெஸில் யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் உச்சவரம்பு 100. எனவே சர்வர் எண்ணிக்கையைக் கூட்டுவது இங்கே மருந்தே ஆகாது. கூட்டியிருந்தால் வரிசைதான் நீண்டிருக்கும்.

மறுநாள் செய்ய வேண்டியவை

முதலில் தடயங்களைச் சேகரியுங்கள், அன்றே. கண்காணிப்பு வரைபடங்கள் பல இடங்களில் சில நாளில் சுருக்கப்பட்டுவிடும். நிமிட அளவில் தெரிந்த மேடுபள்ளம் மணி அளவில் சமதளமாகிவிடும். படம் பிடித்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஓடிய செய்திகள், 'ஒரு நிமிஷம் பாக்கறேன்' என்று ஒருவர் எழுதியது உட்பட, நேரத்தோடு எடுத்து வையுங்கள். யார் யாருக்குத் தொலைபேசியில் அழைத்தார் என்பதை அவரவர் அழைப்புப் பட்டியலிலிருந்து கேட்டு வாங்குங்கள். எழுத்தில் இல்லாத முடிவுகள் பெரும்பாலும் அந்த அழைப்புகளில்தான் எடுக்கப்பட்டிருக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சர்வர் பதிவுகள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். வாட்ஸ்அப் நம் நேரத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். காலை 11.22 என்பது பதிவில் 05.52 என்றுதான் இருக்கும். மணியைக் கூட்டிவிட்டு அரைமணியை மறந்து நான் எழுதிய ஒரு காலவரிசையில், எச்சரிக்கை வந்த பிறகுதான் கோளாறே தொடங்கியது. அதை வைத்து இருபது நிமிடம் விவாதமும் நடந்தது. எல்லாவற்றையும் முதலிலேயே இந்திய நேரத்துக்கு மாற்றி, ஒரே தாளில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது தனித்தனியாகப் பேசுவது. கூட்டத்துக்கு முன், சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம். டீக்கடையிலேயே பேசலாம், நான் அப்படித்தான் செய்வேன். ஆனால் அவருடைய ஊதிய உயர்வை முடிவு செய்பவர் இந்தப் பேச்சை நடத்தக் கூடாது. வேறு குழுவின் மூத்த பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய கூட்டம் வரும்போது நீங்கள் போய் உட்காருங்கள்.

கேள்வியின் வடிவம் முக்கியம். 'ஏன் பண்ணீங்க?' என்பது நம் மொழியில் கேள்வியாக ஒலிப்பதில்லை. தலைமையாசிரியர் அறைக்குள் நிற்கும் உணர்வைத்தான் தரும். ஏன் என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு, 'அந்த நேரத்துல உங்க ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சது?', 'அடுத்து என்ன ஆகும்னு நினைச்சீங்க?', 'வேற யாரையாவது கேக்கணும்னு தோணுச்சா, கேக்கறதுக்கு ஆள் இருந்தாங்களா?' என்று கேளுங்கள். எங்கள் நிகழ்வில் மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் வந்தது: மாதாந்திர அறிக்கை எப்போது ஓடும் என்பது கணக்குப் பிரிவில் ஒருவருக்கும் தரவுத்தளப் பொறியாளருக்கும் மட்டுமே தெரியும், வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

கூட்டத்தில்

தொண்ணூறு நிமிடம் ஒதுக்குங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசி எடுத்தவர் ஒருவரைக் கட்டாயம் அழையுங்கள்; 'பணம் போயிடுச்சு, ரசீது வரலை' என்று 11.27க்கே ஒரு பள்ளி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததும், அதைத் தெரிவிக்க அவரிடம் சரியான எண் இல்லாததும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மேலாளர் வரலாம், ஆனால் கடைசியில் பேச வேண்டும். இதை முன்கூட்டியே அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மேலாளர் முதலில் வாய் திறந்தால், அவர் சொன்னதற்கு ஒத்துப்போகும் தடயங்கள் மட்டுமே அதன்பின் மேசைக்கு வரும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது.

பேச்சு எந்த மொழியில் நடக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஆங்கிலத்தில்தான் நடத்துவது என்று வைத்துக்கொண்டால், சரளமாகப் பேசுபவரின் விளக்கம் உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்வழியில் படித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்த பொறியாளர், நான்கு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதை ஒன்றாகச் சுருக்கி 'சம் லாக் இஷ்யூ சார்' என்று முடித்துவிடுவார். தமிழ் தெரியாதவர் அறையில் இருந்தால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வரலாம். ஆவணத்தைப் பிறகு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். நினைவுகூர்வது மட்டும் அவரவர்க்கு வாகான மொழியில் நடக்கட்டும்.

முதல் நாற்பது நிமிடம் காலவரிசையை வாசிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள். தீர்வு சொல்ல வாயெடுப்பவரை நிறுத்தி, அதைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொறியாளர்களுக்கு இது சித்திரவதைதான். ஆனாலும் 11.31 ரீஸ்டார்ட்டைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு இந்தப் பொறுமை கைகொடுத்தது. ரீஸ்டார்ட் செய்தவர் அவசரப்பட்டார் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். வாசித்தபோதுதான் எங்கள் சொந்தக் கையேட்டின் முதல் வரியே 'இணைப்பு நிரம்பினால் சர்வர்களை மறுதொடக்கம் செய்க' என்று இருந்தது தெரிந்தது. அவர் எழுதியிருந்தபடி நடந்தார். எழுதியது நான்.

தமிழ் இலக்கணமே இங்கே ஒரு கருவியாக உதவும். 'பார்த்திருக்க வேண்டும்', 'கேட்டிருக்கலாம்', 'கவனித்திருந்தால்' என்னும் வினைகள் பேச்சில் வரத் தொடங்கினால், நடந்ததை விட்டு நடக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். எங்கள் குழுவில் அப்படிச் சொல்பவரைப் பார்த்து மற்றவர் மேசையில் ஒருமுறை தட்டுவார்கள், கோபமில்லை, நினைவூட்டல்தான். மறுபுறம், பழி சொல்லக் கூடாது என்பதற்காக 'மைக்ரேஷன் இயக்கப்பட்டது', 'ரீஸ்டார்ட் செய்யப்பட்டது' என்று எல்லாவற்றையும் செயப்பாட்டுவினையில் எழுதிவிடுவதும் பிழையே. யார் செய்தார் என்பதை மறைத்தால், அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதும் சேர்ந்தே மறைந்துபோகும். பெயரை விட்டுவிட்டு, அவர் என்ன வேலையில் இருந்தார் என்பதை எழுதுங்கள்: 'டெப்ளாய்மென்ட் செய்த பொறியாளர், சோதனைச் சூழலில் ஒரு நொடிக்குள் முடிந்ததால், பகலில் இயக்குவது பாதுகாப்பானது என்று முடிவு செய்தார்.' இந்த வாக்கியத்தில் ஆள் இருக்கிறார், காரணமும் இருக்கிறது.

டொயோட்டாவிலிருந்து வந்த ஐந்து முறை ஏன் கேட்கும் உத்தியைப் பலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அது ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். எங்கள் நிகழ்விலோ அறிக்கை, மைக்ரேஷன், காலவரம்பில்லாத காத்திருப்பு, தவறான கையேடு என்று நான்கு கயிறுகள் முடிச்சாகியிருந்தன. அவற்றில் எந்த ஒன்று இல்லாதிருந்தாலும் 26 நிமிடம் ஆகியிருக்காது.

பழி சொல்லாமல் ஆராய்வதை விமானத்துறை நமக்கு வெகு முன்பே கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் விமானிகள் தம் தவறுகளைத் தாமே இரகசியமாகத் தெரிவிப்பதற்கான அமைப்பை நாசா 1976 முதல் நடத்திவருகிறது. இணைய நிறுவனங்களுக்கு இந்தப் பழக்கம் பரவியதில், எட்ஸி என்னும் இணைய விற்பனை நிறுவனத்தில் இருந்த பொறியாளர் ஜான் ஆல்ஸ்பா 2012இல் எழுதியதற்குப் பெரும்பங்கு உண்டு.

தீர்வுகளை எடை போடுவது

கடைசி அரைமணியில் தனித்தாள்களை வெளியே எடுங்கள். 'இனி கவனமாக இருப்போம்', 'மைக்ரேஷனுக்கு முன் எல்லாரிடமும் சொல்ல வேண்டும்', 'பயிற்சி தர வேண்டும்' என்பவற்றை உடனே அடித்துவிடுங்கள். கவனம் என்பது வெள்ளிக்கிழமை மாலையில் தீர்ந்துபோகும் பொருள். அந்தத் தவறை அதே ஆள், தூக்கக் கலக்கத்தில், மறுபடி செய்தாலும் சேதம் ஆகாதபடி எதை மாற்ற முடியும் என்று கேளுங்கள்.

28 பிப்ரவரி 2017 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் பல மணி நேரம் நின்றது. கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகத் தட்டச்சாகி, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டதுதான் தொடக்கம். அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் இருந்த மாற்றம் கருவியைப் பற்றியது: சர்வர்களை மெதுவாக மட்டுமே நீக்கும், தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. அதே ஆண்டு 31 ஜனவரி அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையை ஓட்டியதில் சுமார் 300 ஜிபி தரவு போயிற்று. ஆராய்ந்தபோது, பேக்கப் எடுக்கும் நிரல் பொருந்தாத பதிப்பில் ஓடி வெகுநாளாகத் தோல்வியடைந்து வந்ததும், அந்தத் தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்கள் போய்ச் சேரவே இல்லை என்பதும் தெரிந்தன. அந்தப் பொறியாளரை மட்டும் கடிந்து கோப்பை மூடியிருந்தால், பேக்கப் அதன் பிறகும் ஓடியிருக்காது.

எங்கள் நிகழ்வில் முடிவானவை நான்கு. மைக்ரேஷன் கருவியில் பூட்டுக்கான காத்திருப்பு 2 நொடி என்று வரம்பிட்டோம்; கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் தானே விலகி, சற்றுக் கழித்து மறுபடி முயலும். அறிக்கைகள் ஓடுவதை, படிப்பதற்கென்றே உள்ள நகல் தரவுத்தளத்துக்கு மாற்றினோம். செயலி, பதில் வராவிட்டால் உடனே மூன்று முறை முயன்றதை மாற்றி, ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, அதில் சிறிது தற்செயலையும் கலந்தோம். இல்லாவிட்டால் ஆயிரம் கைபேசிகளும் ஒரே நொடியில் திரும்பி வந்து கதவைத் தட்டும். கையேட்டின் முதல் வரியை, 'எது எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் பார்க்க' என்று திருத்தினோம். முதலாவது இரண்டு மணி நேர வேலை. இரண்டாவதுக்கு ஆறு வாரம் பிடித்தது. நான்கையும் சாதாரண வேலைப் பட்டியலிலேயே, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளும் தேதியும் இட்டுச் சேர்க்க வேண்டும். 'மேம்பாடுகள்' என்று தனிப்பட்டியல் போட்டால் அது கிடப்புக்குப் போகும்.

வாடிக்கையாளருக்கு அனுப்புவது

உள் ஆவணத்தை அப்படியே அனுப்பாதீர்கள். அனுப்பப்படும் என்று தெரிந்தால் யாரும் உள்ளதை எழுத மாட்டார்கள். ஆனால் இரண்டும் முரண்படவும் கூடாது. வெளியே போவதில் மூன்று செய்தி போதும்: எவ்வளவு நேரம் யாருக்குப் பாதிப்பு, எதனால், எந்தத் தேதிக்குள் எது மாறும். சேவை 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று ஒப்பந்தம் இருந்தால், 30 நாள் மாதத்தில் நின்றுபோக அனுமதி 43 நிமிடம் 12 நொடி. எங்களுடையதில் 26 போக மீதம் 17. இந்தக் கணக்கை நாமே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. தரவுத் திருட்டு, ஊடுருவல் போன்ற இணையப் பாதுகாப்பு நிகழ்வு என்றால் கதை வேறு: இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த 28 ஏப்ரல் 2022 உத்தரவுப்படி, அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். அப்போது ஆய்வுக் கூட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது.

மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில், அந்த ஆண்டின் எல்லா ஆய்வு ஆவணங்களையும் எடுத்து ஒருமுறை வாசியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரமும் இணையமும் இல்லாமல் வீடுகளில் சிக்கிக்கொண்டவர்களில், அன்று பணிமுறையில் இருந்த பொறியாளர்களும் உண்டு. சர்வர் மும்பையில் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரின் கைபேசியில் சார்ஜ் இருக்காது. கோளாறு வந்தால் யாரை அழைப்பது என்ற எங்கள் பணிமுறை அட்டவணையை அப்படி வாசித்தபோது, நவம்பர் மாதம் முழுவதும் முதல் ஆளும் மாற்று ஆளும் வேளச்சேரியில், இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். மாற்று ஆளாகக் கோயம்புத்தூரிலிருந்து வேலை பார்ப்பவரைப் போட்டோம். அந்த மாற்றத்தைச் சொன்னது, ஜூனில் மைக்ரேஷனை இயக்கிய அதே பொறியாளர். கூட்ட அறையிலேயே, மேலாளர் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்.